ஒளித்து வைத்த மெனுவும் காணாமல் போன பில் இலக்கங்களும்: செட்டியார் தெருவில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு செட்டியார் தெருவில் உள்ள ஒரு நகைக்கடையில் பில் இலக்கங்கள் இடையிடையே காணாமல் போய்க்கொண்டிருந்தன. வரிசையாக ஓட வேண்டிய இலக்கங்களில் இங்கே ஒன்று இல்லை, அங்கே இரண்டு இல்லை. கணக்குப் பார்க்க வந்த கணக்காளர் கவனித்துக் கேட்டபோதுதான் முதலாளிக்கே விஷயம் தெரிந்தது.

வேறு கடையாக இருந்தால் ஏதோ பதிவுப் பிழை என்று விட்டிருப்பார்கள். நகைக்கடையில் அப்படி விட முடியாது. ஒரு பவுன் லட்சங்களில் விலைபோகிற காலம் இது. ஒரு இலக்கம் இல்லை என்றால், பில் போடாமல் ஒரு நகை வெளியே போய்விட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வற் வரிக்குப் பதிந்த வியாபாரமென்றால் வரி விலைப்பட்டியல்களின் இலக்கம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு.

காணாமல் போனவை எல்லாமே முன்மேசையின் முதலாவது கணினியில் திறந்த பில்கள். அங்கே வேலை செய்பவர் ஓர் இளம்பெண். அவரிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருந்தார்கள். “நான் ஒண்டும் செய்யேல்ல, பில் தானாப் போகுது” என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். அதை யாரும் நம்பவில்லை. “தானா எப்படித் தம்பி போகும்? கம்பியூட்டருக்கு என்ன கால் இருக்கா?” என்று முதலாளி என்னிடம் கேட்டார். அந்தப் பெண் என்ன செய்கிறார் என்று கண்டுபிடித்துத் தரத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கிடைத்த விடை வேறு மாதிரி இருந்தது. கடையும் அந்தப் பெண்ணும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். கடையின் பெயரோ மென்பொருளை எழுதிய நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை.

பில் எப்படிப் போடப்படுகிறது

இந்தத் தெருவின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இந்தப் பிரச்சினை விளங்காது. நகை வாங்க வருகிறவர்கள் ஒரே கடையில் முடிவெடுப்பதில்லை. நான்கு கடை ஏறி இறங்குவார்கள். இலங்கை முழுவதும் தங்க விலையைச் செட்டியார் தெரு விலையை வைத்துத்தான் பேசுவார்கள், அந்த விலையும் ஒரே நாளில் மாறும். அதனால் ஒவ்வொரு கடையும் முதலில் மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றை அடித்துக் கொடுக்கிறது: எடை, கரட், அன்றைய பவுன் விலை, செய்கூலி, சேதாரம், பழைய நகை கொடுத்தால் அதற்குக் கழிவு. “இந்தச் செயினுக்குப் போட்டுத் தாங்க, அந்த வளையலுக்கும் போட்டுத் தாங்க” என்று ஒரே ஆளுக்குப் பல சீட்டுகள் போகும். அட்சய திருதியை நெருங்கினால் மேசைக்கு முன்னால் நிற்க இடமிருக்காது.

இந்த மென்பொருளில் மதிப்பீட்டுச் சீட்டு அடிக்கிற குறுக்குவிசை கொன்ட்ரோலும் ஆங்கில ஈயும் (Ctrl+E). நாள் முழுக்க அதிகம் அழுத்தப்படும் விசைச்சேர்க்கை அதுதான். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பார்த்தேன். வலது கை நகையைத் தராசில் வைத்துக்கொண்டிருக்கிறது. கண் தராசின் இலக்கத்தில். இடது கையின் சின்ன விரல் கொன்ட்ரோலில் இருக்க, நடுவிரல் ஈயைத் தேடி அழுத்துகிறது. கீபோட்டை அவர் பார்ப்பதே இல்லை. பார்க்க நேரமும் இல்லை, பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

இப்போது உங்கள் கீபோட்டைப் பாருங்கள். ஈ விசைக்கு இடப்பக்கம் டபிள்யூ, வலப்பக்கம் ஆர்.

சந்தேகப்பட்டவை

முதல் சந்தேகம் மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களைக் கொழும்பில் யாரும் மறக்கவில்லை. கணினியில் எது நடந்தாலும் இன்னும் கரண்டின் மேல்தான் பழியைப் போடுகிறோம். ஆனால் இரண்டு கணினிகளும் ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தன, இரண்டாவது கணினியில் ஒரு பில்லும் போகவில்லை. வலையமைப்பு, வைரஸ், விண்டோஸ் அப்டேட் ஆகியவற்றையும் இதே காரணத்தால் ஒதுக்க முடிந்தது.

அடுத்ததாக, மென்பொருள் தானாகவே செயலிழந்து விழுகிறதா என்று பார்த்தேன். விண்டோஸில் ஒரு செயலி அப்படி விழுந்தால் ஈவென்ட் வியூவரில் 1000 என்ற எண்ணோடு ஒரு பிழைப் பதிவு இருக்கும். இந்தச் செயலிக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. அதாவது மென்பொருள் விழவில்லை. மூடச் சொன்னதால் மூடியிருக்கிறது.

பெரிய உதவி அந்தப் பெண்ணிடம் இருந்தே கிடைத்தது. பில் போகிறபோது திரையில் சரியாக என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: “சில நேரம் எல்லாமே மறைஞ்சு டெஸ்க்டொப் வரும் அண்ணா. சில நேரம் ஒருக்கா வெள்ளையாகி, வெறும் பில் வரும்.” இதை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். மென்பொருள் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தபோதும் சொன்னாராம். கணினியை நிறுத்திப் போடச் சொல்லி வைத்துவிட்டார்களாம். ஆனால் இவை இரண்டு வெவ்வேறு சம்பவங்கள். ஒன்றில் ஜன்னல் மூடப்படுகிறது. மற்றதில் பக்கம் மறுபடி ஏற்றப்படுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் மாறி மாறி நடக்கின்றன என்றால் விசைப்பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆல்ட் விசையை அழுத்தினேன். அந்தக் கடையில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு மெனு வரிசை ஜன்னலின் மேலே வந்தது. ஃபைல், எடிட், வியூ, விண்டோ, ஹெல்ப். வியூவைத் திறந்தால் ‘ரீலோட்’, அதற்குப் பக்கத்தில் கொன்ட்ரோல் ஆர். விண்டோவைத் திறந்தால் ‘க்ளோஸ்’, அதற்குப் பக்கத்தில் கொன்ட்ரோல் டபிள்யூ.

யாரும் கேட்காமல் வந்த மெனு

இந்த மென்பொருள் எலெக்ட்ரொன் என்ற கட்டமைப்பில் எழுதப்பட்டது. கிட்ஹப் நிறுவனம் 2013இல் ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கி 2015இல் எலெக்ட்ரொன் என்று பெயர் மாற்றிய கட்டமைப்பு இது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அதே அறிவை வைத்து மேசைக்கணினிச் செயலி எழுதலாம். உள்ளே குரோமியம் உலாவி ஓடும். விஷுவல் ஸ்டூடியோ கோட், ஸ்லாக், டிஸ்கோர்ட் எல்லாம் இதில் எழுதப்பட்டவைதான். கொழும்பில் சிறிய நிறுவனங்கள் எழுதும் பில்லிங் செயலிகளிலும் இது பரவியிருக்கிறது. நல்ல கருவி, எனக்கும் பிடிக்கும்.

அதன் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிற ஒரு நடைமுறை உண்டு. செயலியை எழுதுகிறவர் தனக்கென்று ஒரு மெனுவை அமைக்காவிட்டால், எலெக்ட்ரொன் தானே ஒரு பொது மெனுவை வைத்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அது வசதிதான். நிரலைத் திருத்திவிட்டு கொன்ட்ரோல் ஆர் அழுத்தினால் புதியது வந்துவிடும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிரலாளருக்கான கருவிப் பலகை திறக்கும். இவையெல்லாம் நிரலாளரின் மேசைக்கு உரியவை. நகைக்கடை மேசைக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்கும் இந்த மெனு அசிங்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஜன்னலை உருவாக்கும் இடத்தில் ‘ஓட்டோ ஹைட் மெனு பார்’ என்ற ஒரு அமைப்பைப் போட்டு மறைத்துவிட்டார்கள். ஆல்ட் அழுத்தினால் மட்டும் தெரியும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது திரை சுத்தமாக இருந்தது. மறைத்தது கண்ணுக்கு மட்டும்தான். மெனு உயிரோடு இருக்கும்வரை அதன் குறுக்குவிசைகளும் உயிரோடு இருக்கும். எனக்கு இந்த வழக்கில் மிகவும் கோபம் வந்த இடம் இது. மெனு கண்ணுக்குத் தெரிந்திருந்தால், யாராவது ஒரு நாள் அதைத் திறந்து, பக்கத்தில் எழுதியிருக்கும் விசையைப் பார்த்து, இதுதானா காரணம் என்று கேட்டிருப்பார்கள். மறைத்ததால் அந்த வாய்ப்பும் போனது, பழி கீபோட்டில் கை வைத்திருந்தவர் மேல் விழுந்தது.

இது இன்னும் ஊகம்தான். உறுதிப்படுத்த வேண்டும். ஒப்பந்தப்படி மூலநிரல் கடையின் கையில் இருந்தது பெரிய உதவி. பக்கத்துக்கு விசை போய்ச் சேரும் முன்பே அதைப் பார்க்க எலெக்ட்ரொன் ஒரு வழி தருகிறது, ‘பிஃபோர் இன்புட் ஈவென்ட்’ என்று. அதில் கொன்ட்ரோலோடு சேர்ந்து வரும் விசைகளை மட்டும் நேரத்தோடு பதிகிற ஒரு சின்னத் துண்டைச் சேர்த்தேன். மற்ற எழுத்துகள் எதையும் பதியவில்லை. வாடிக்கையாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அந்த வழியாகத்தான் போகின்றன என்பதால் அதில் கவனமாக இருந்தேன். மேசையில் இருக்கும் இருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். சொல்லாமல் ஒருவர் விரலைப் பதிவு செய்வது சரியில்லை.

அடுத்த முறை ஒரு இலக்கம் விடுபட்டபோது, அதற்குச் சற்று முன்னால் பதிவில் கொன்ட்ரோல் ஆர் இருந்தது. அதற்கு அடுத்ததில் கொன்ட்ரோல் டபிள்யூ. இரண்டாவது கணினியில் இருப்பவர் எல்லாவற்றையும் மௌஸால் செய்கிறவர். அவருடைய பதிவில் கொன்ட்ரோலே அபூர்வம்.

பில்லைத் திறந்தவுடனேயே சேர்வரிலிருந்து ஒரு இலக்கம் ஒதுக்கப்பட்டுவிடும். எழுதிய வரிகளோ, அச்சடித்து முடிக்கும்வரை திரையின் நினைவில் மட்டுமே இருக்கும். இடையில் ஜன்னல் மூடினாலும் பக்கம் மறுபடி ஏறினாலும் இலக்கம் செலவாகிவிடும், பில் இருக்காது. அந்தப் பெண் பில்லை மறுபடி அடிப்பார், அதற்கு அடுத்த இலக்கம் வரும். வாடிக்கையாளருக்குச் சரியான பில் போயிருக்கிறது, காசும் வந்திருக்கிறது. குறைந்தது இலக்கம் மட்டும்தான்.

கைத்தவறுக்குப் பயிற்சி மருந்தாகாது

முதலாளியின் முதல் யோசனை: “சரி, இனி கவனமா அமத்தச் சொல்லுவோம்.” அவர் நல்ல மனிதர். காரணம் தெரிந்தவுடன் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனால் இந்த யோசனை வேலை செய்யாது என்று அவரிடம் நேரடியாகச் சொன்னேன்.

டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1980களின் தொடக்கத்திலேயே இந்த வேறுபாட்டை எழுதியிருக்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல் தவறானதைச் செய்வது ஒரு வகை. சரியானதைச் செய்ய நினைத்து, கை மட்டும் தவறிப் போவது இன்னொரு வகை. முதலாவதுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டாவது, பழகியவர்களிடம்தான் அதிகம் வரும். பார்க்காமல் செய்யும் அளவுக்குப் பழகியதால்தான் கை தவறுகிறது. இந்தப் பெண் மென்பொருளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். மௌஸைப் பிடித்து மெதுவாக வேலை செய்தவருக்கு ஒரு பில்லும் போகவில்லை, வேகமாக வேலை செய்தவருக்குக் கடிதம் கிடைத்தது.

இதே மூன்று விசைகள் மைக்ரோசொஃப்ட் வேர்டிலும் இருக்கின்றன. கொன்ட்ரோல் ஈ பந்தியை நடுவில் வைக்கும். கொன்ட்ரோல் ஆர் வலப்பக்கம் தள்ளும். கொன்ட்ரோல் டபிள்யூ ஆவணத்தை மூடும். கடையின் கணக்கறையில் கடிதம் அடிக்கிறவர் இவற்றைத் தவறி அழுத்தாமலா இருப்பார்? ஆனால் ஆரை அழுத்தினால் கொன்ட்ரோல் இஸட் (Z) அடித்து மீட்கலாம். டபிள்யூவை அழுத்தினால், சேமிக்கவா என்று வேர்ட் கேட்கும். அதனால்தான் அந்த அறையில் யாரிடமும் யாரும் விளக்கக் கடிதம் கேட்கவில்லை. விசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத் தவிர்க்க முடியாது. தவறி அழுத்தினால் மீட்க வழியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என்னென்ன வழிகள் இருந்தன

சீசன் நெருங்கிக்கொண்டிருந்ததால் முதலில் ஒரு தற்காலிகத் தடை போட்டோம். மைக்ரோசொஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் விசைப்பலகை மேலாளர் என்று ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட செயலிக்குள் மட்டும் ஒரு விசைச்சேர்க்கை வேலை செய்யாதபடி அதில் முடக்கலாம். மூலநிரல் கையில் இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் வழி, ஓட்டோஹொட்கீ என்ற கருவியிலும் இதைச் செய்யலாம். குறை என்னவென்றால், அந்தக் கருவி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது அதை நிறுத்தினால் தடையும் போய்விடும், போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. இதை நிரந்தரத் தீர்வாக வைக்க நான் விரும்பவில்லை.

முதலாளியின் மருமகன், இதையெல்லாம் விட்டுவிட்டு மென்பொருளைச் சாதாரண உலாவியிலேயே திறந்தால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் நிலைமை இன்னும் மோசமாகும். குரோமில் கொன்ட்ரோல் டபிள்யூ, கொன்ட்ரோல் டி (T), கொன்ட்ரோல் என் (N) போன்றவை உலாவி தனக்கென்று வைத்துக்கொண்டவை. சாதாரண தாவலில் இருக்கும் ஒரு பக்கம் அவற்றைத் தடுக்க முடியாது. பயனரை மூட விடாமல் ஒரு பக்கம் பிடித்து வைக்கக் கூடாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியானதும்கூட.

‘குளோபல் ஷோர்ட்கட்’ என்ற வசதியைக் கொண்டு இந்த இரண்டு விசைகளையும் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது விசையை இயங்குதளம் முழுவதற்கும் பதிகிறது. உங்கள் செயலி பின்னால் இருக்கும்போதும் பிடித்து வைத்திருக்கும். தங்க விலை பார்க்கத் திறந்த உலாவியில் கொன்ட்ரோல் டபிள்யூ வேலை செய்யாமல் போகும், வேர்டில் பந்தி வலப்பக்கம் போகாது. ஒரு மேசையின் பிரச்சினையை மூன்று செயலிகளுக்குப் பரப்பியதாகத்தான் ஆகும்.

நேரான வழி மெனுவையே எடுத்துவிடுவது. ‘செட் அப்ளிகேஷன் மெனு’ என்ற கட்டளைக்கு வெற்று மதிப்பைக் கொடுத்தால் பொது மெனு வராது. விண்டோஸிலும் லினக்ஸிலும் மெனு வரிசையும் சேர்ந்து மறையும். ஒரே வரி. ரீலோட், க்ளோஸ், கருவிப் பலகை எல்லாம் போய்விடும். விண்டோஸில் வெட்டுவதும் ஒட்டுவதும் மெனு இல்லாமலும் நடக்கும், அதனால் அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கணக்கறையில் இருக்கும் ஐயாவுக்குக் கண்பார்வை குறைவு. கொன்ட்ரோலும் பிளஸும் அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கித்தான் அவர் கணக்குப் பார்ப்பார். அந்த வசதியும் இந்த மெனுவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மெனுவை எடுத்தால் அதுவும் போகும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முதலாளியின் மகள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஒரு மேக்கில் இதே செயலியைத் திறந்து அறிக்கைகள் பார்க்கிறார். மேக்கில் கொப்பி, பேஸ்ட் போன்ற விசைகள் எடிட் மெனு வழியாகத்தான் வேலை செய்கின்றன. மெனுவை வெறுமையாக்கினால் அங்கே ஒரு பில் இலக்கத்தைக் கூடக் கொப்பி பண்ண முடியாது. விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்து அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

செய்த திருத்தம்

அதனால் மெனுவை ஒழிக்காமல், எங்களுக்கென்று ஒன்றை எழுதினோம். எடிட் பகுதி முழுவதும் இருக்கிறது. பார்வைப் பகுதியில் பெரிதாக்கு, சிறிதாக்கு, வழமை நிலை ஆகிய மூன்று மட்டும். ரீலோட் இல்லை, நிரலாளர் கருவி இல்லை. மூடுவதற்கு ஓர் உருப்படி இருக்கிறது, ஆனால் அதற்கு விசை கிடையாது. மேலே தெரிகிற சிவப்பு எக்ஸை அழுத்துவது போலத்தான் அதையும் மௌஸால் அழுத்த வேண்டும். இந்த மெனு வரிசையை நாங்கள் மறைக்கவும் இல்லை. இருக்கும் விசைகள் என்னவென்று எல்லோரும் பார்க்கட்டும்.

சில செயலிகளில், மெனுவில் உருப்படி இருக்க வேண்டும், விசையும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் மெனு அந்த விசையைப் பிடிக்கக் கூடாது என்ற தேவை வரும். விண்டோஸ், லினக்ஸுக்கு அதற்கென்று ஓர் உருப்படி அமைப்பு இருக்கிறது: ‘ரெஜிஸ்டர் அக்ஸிலரேட்டர்’ என்பதைப் பொய் என்று வைத்தால் போதும். ஒரு ஜன்னலில் மட்டும் சிறிது நேரத்துக்கு எல்லா மெனு விசைகளையும் நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. இங்கே இரண்டும் தேவைப்படவில்லை.

விசைகளை மெனுவில் தொடாமல், வருகிற வழியிலேயே மறித்துத் தடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும் ஊரில் இது முக்கியம். முன்பு சொன்ன ‘பிஃபோர் இன்புட் ஈவென்ட்’ வழியில் வரும் தகவலில் இரண்டு புலங்கள் இருக்கும். ஒன்று விசை தரும் எழுத்து, மற்றது விசை இருக்கும் இடம். பெரும்பாலானோர் எழுத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள்: டபிள்யூ வந்தால் தடு என்று. ஆனால் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடிக்கும்போது விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கும். விண்டோஸோடு வரும் தமிழ் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அந்த விசை தருவது ஐகாரக் குறி. இலங்கையில் தரமாக வைத்திருக்கும் ரெங்கநாதன் அமைப்பிலும் அங்கே ஒரு தமிழெழுத்துத்தான் இருக்கும். ஒப்பீடு தோற்றுவிடும், தடை வேலை செய்யாது. மெனுவோ அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை, விண்டோஸ் தரும் விசைக் குறியீட்டைத்தான் பார்க்கிறது. அது தமிழுக்கு மாறினாலும் டபிள்யூவாகவே இருக்கும், ஜன்னல் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், தமிழில் அடிப்பவருக்கு மட்டும் பில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே எழுத்தை விட்டு விசை இருக்கும் இடத்தை ஒப்பிட வேண்டும். எங்கள் மேசைகளில் எல்லாம் ஒரே கியூவெர்ட்டி அமைப்பு என்பதால் இது போதும்.

மதிப்பீட்டுச் சீட்டுக்கு வேறு விசையும் கொடுக்க நினைத்தோம். கொன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து ஏதாவது வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை உடனே ஒதுக்கினேன். வலது ஆல்ட்டைக் கூடுதல் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் விசைப்பலகைகளில், விண்டோஸ் அந்த விசையைக் கொன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே அனுப்பும். சிங்களத்தின் விஜேசேகர அமைப்பு அப்படிப்பட்டது. சிங்களத்தில் ஓர் எழுத்தை அடிக்கப் போனவருக்குச் சீட்டு அச்சாகி வந்தால் என்ன செய்வது? எஃப் 2 விசையைக் கொடுத்தோம். இடது கையால் எட்டும், கொன்ட்ரோல் தேவையில்லை, இரண்டு பக்கத்திலும் இருக்கும் எஃப் 1, எஃப் 3 இந்தச் செயலியில் ஒன்றும் செய்வதில்லை. பழைய கொன்ட்ரோல் ஈயையும் எடுக்கவில்லை. அவ்வளவு காலம் பழகிய விரலை ஒரே நாளில் மாற்றச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான். ஆல்ட்டும் எஃப் 4உம் சேர்ந்தால் ஜன்னல் மூடும். அது மெனுவிலிருந்து வருவதல்ல, விண்டோஸின் வழக்கம். ஐபிஎம் 1987இல் வெளியிட்ட பயனர் இடைமுக நெறியிலிருந்தே தொடர்ந்து வருகிறது. அதனால் மூடும் நிகழ்வையே பிடித்து, பாதி எழுதிய பில் இருந்தால் ஒரு கேள்வி கேட்கும்படி செய்தோம். இங்கே எலெக்ட்ரொன், உலாவியைப் போல நடப்பதில்லை. வலைப்பக்கத்தில் பக்கம் விட்டுப் போகும் முன் தடுத்தால் உலாவி தானே ‘வெளியேறவா?’ என்று ஒரு பெட்டியைக் காட்டும். எலெக்ட்ரொனில் பெட்டி எதுவும் வராது, ஜன்னல் சத்தமில்லாமல் மூட மறுக்கும். பயனர் எக்ஸை அழுத்தி அழுத்திக் களைத்துப்போவார். கேள்விப் பெட்டியை நாமே எழுத வேண்டும்.

அப்புறம் இரண்டு திருத்தங்கள், என் கணக்கில் எல்லாவற்றிலும் முக்கியமானவை. பில்லின் ஒவ்வொரு வரியும் எழுதியவுடன் அந்தக் கணினியிலேயே வரைவாகச் சேமிக்கப்படுகிறது. எந்தக் காரணத்தால் மூடினாலும், திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பில் இலக்கம் இனித் திறக்கும்போது ஒதுக்கப்படுவதில்லை, அச்சடிக்கும் கணத்தில்தான் ஒதுக்கப்படும். விசைத் தடைகள் எல்லாம் ஒரு நாள் தோற்றாலும், இந்த இரண்டும் இருந்தால் இலக்கம் தொலையாது.

பழைய இலக்கங்கள்

விடுபட்ட இலக்கங்களைக் கணக்காளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இலக்கம் ஒதுக்கிய நேரம் சேர்வரில் இருந்தது. அதைத் தொடர்ந்து அதே கணினியில் வந்த அடுத்த பில்லையும், தங்க இருப்பு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எடையில் குறை எதுவும் இல்லை. கணக்காளர் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ‘முடிக்கப்படாத பில், பொருள் வெளியேறவில்லை’ என்று குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார். முதலாளி அந்தப் பெண்ணை அழைத்து, மேசையில் இருந்த மற்றவர்களுக்கு முன்னால் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். தனியாகக் கொடுப்பதாகத்தான் முதலில் சொன்னார். கேட்டதை எல்லோருக்கும் முன்னால்தானே கேட்டீர்கள் என்று கணக்காளர் சொன்னார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு

அந்த நிறுவனத்தின் மென்பொருளை இன்னும் பல கடைகள் பயன்படுத்துகின்றன, அவற்றுக்கு இந்தத் திருத்தம் போகவில்லை. உங்கள் கடையிலும் பில் தானாகப் போவதாக யாராவது சொன்னால், முதலில் அந்த ஜன்னலில் ஆல்ட்டை அழுத்திப் பாருங்கள். மெனு ஒன்று எட்டிப் பார்த்தால், அதில் உள்ள விசைகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் ஆட்கள் அதிகம் அழுத்தும் விசைகளுக்குப் பக்கத்தில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். மெனு வராவிட்டாலும், ஒரு வெற்றுப் பில்லில் கொன்ட்ரோல் ஆரையும் கொன்ட்ரோல் டபிள்யூவையும் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வேர்டிலும் லிப்ரெஒஃபிஸிலும் இதற்கு நிரலாளர் தேவையில்லை. வேர்டில் ஒப்ஷன்ஸுக்குள் ரிப்பனை மாற்றும் பக்கத்தின் அடியில் விசைகளை மாற்றும் பொத்தான் இருக்கிறது. கட்டளையைத் தெரிவு செய்து, அதற்குரிய விசையை நீக்கலாம். லிப்ரெஒஃபிஸில் டூல்ஸ் மெனுவின் கஸ்டமைஸில் விசைப்பலகைத் தாவல். அங்கே ஒரு விசையை அதன் எழுத்துச் செயலியான ரைட்டருக்கு மட்டும் நீக்கலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்தும் நீக்கலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோட் பகுதிக்குப் போனால் செயலிக்கென்று தனியாக விசை மாற்றலாம். மெனு உருப்படியின் பெயரை, கடைசியில் மூன்று புள்ளிகள் இருந்தால் அவற்றோடும், உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். அந்தக் கட்டளைக்கு யாரும் அழுத்தாத ஒரு சேர்க்கையைக் கொடுத்துவிட்டால் பழைய விசை விடுபடும்.

மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செயலியைக் கையளிக்கும் முன் ஒரு நாள் அதன் மேசையில் போய் உட்காருங்கள். கொன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எல்லா எழுத்துகளையும் வரிசையாக அழுத்துங்கள், ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். நீங்கள் வைக்காத ஒன்று வேலை செய்தால் அதை எடுங்கள், அல்லது அது ஏன் இருக்கிறது என்று அந்தக் கடையில் வேலை செய்பவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.